செருப்போட நிக்கணுமாம்

இங்கிட்டு ஆள் வருதா தாயி? இல்லேல்ல, அப்ப நான் உக்காந்துக்கிறேன். பையை மடியிலயே வச்சுக்கிறேன், மேல வச்சா எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான். போடி போற பஸ்ஸுதானே இது? அந்தக் கண்டக்டர்கிட்டக் கேட்டா, போர்டுல எழுதியிருக்குல்ல படிங்கிறான். படிக்கத் தெரிஞ்சா உன் மூஞ்சியை எதுக்குடா பாக்குறேன்னு சொல்லிட்டு ஏறிட்டேன்.

நீ தேனி வரைக்குமா? டீச்சரா? அதான் பாத்தாலே தெரியுது, அசந்துபோயிருக்க. நான் போடியில என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். விருந்தாடப் போகல. அருப்புக்கோட்டையில தம்பி வீட்டுலதான் இருந்தேன், அங்கயிருந்து கிளப்பிவிட்டுட்டாக. யாரு கிளப்பிவிட்டதுன்னு கேளு. தம்பி பொண்டாட்டிதான், வேற யாரு. முனீஸ்வரின்னு பேரு. மில்லு வேலைக்குப் போறவ. பேசவே மாட்டா, பேசாமலே காரியத்தை முடிச்சிருவா, அந்த வகை.

எதுக்குன்னு கேட்டியே. ஒரு செருப்புக்கு. சிரிக்காத தாயி, நெசமாத்தான் சொல்றேன்.

என் தம்பி காளிராசு பெயிண்டு அடிக்கிறவன். ஒரு மாடி வீட்டுக்குச் சாரம் கட்டி, மேல நின்னு அடிச்சுக்கிட்டு இருந்தான். சாரம் கட்டினவன் ஒரு வெளங்காத பய, முடிச்சு ஒழுங்காப் போடல. அவுந்துபோச்சு. முதுகெலும்பு போயிருச்சு. இடுப்புக்குக் கீழ சுரணையே கிடையாது, ஊசியை வச்சுக் குத்தினாலும் தெரியாது. கை ரெண்டும் நல்லாருக்கு, பேச்சு நல்லாருக்கு, காலு மட்டும் யாரோ ஒருத்தரு காலு மாதிரிக் கிடக்கு. ரெண்டு வருசம் ஆகுது.

அவனை வளத்ததே நான்தான். அவன் கைக்குழந்தையா இருக்கையில எங்காத்தா போய்ச் சேந்துட்டா. நான்தான் இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டுத் தெருத்தெருவா அலைஞ்சேன். என் புருசன் போன பெறகு அவன் வீட்டோடயே வந்துட்டேன். அவன் விழுந்த பெறகு கழுவிவிட்டது, தொடைச்சுவிட்டது, சோறு ஊட்டினது அம்புட்டும் நான். அவருக்குக் கை நல்லாத்தானே இருக்கு மதினி, அவரே சாப்பிடட்டுமேம்பா அவ. இருந்தா என்ன? நான் ஊட்டினா அவளுக்கு என்ன போகுது?

அப்படி இருக்கையிலதான் ஏதோ ஒரு டிரஸ்டுல இருந்து அந்த ஸ்டாண்டைக் கொண்டாந்து இறக்கினாக. நிக்கிற ஸ்டாண்டு, பாத்திருக்கியா? இரும்புச் சட்டம். கீழ பாதம் வைக்க ஒரு தட்டு. முட்டியைத் தாங்க முன்னால ரெண்டு மெத்தை. நெஞ்சுக்கு நேரா ஒரு பலகை. பின்னால அகலமா ஒரு பட்டை. சக்கர நாற்காலியில இருக்கிற ஆளை அதுகிட்டக் கொண்டுபோய், பட்டையைப் பின்பக்கமாக் குடுத்து மாட்டிட்டு, பக்கத்துல இருக்கிற கைப்பிடியை அடிபம்பு அடிக்கிற மாதிரி அடிக்கணும். அது ஆளை மெல்ல இழுத்துத் தூக்கி நிப்பாட்டிரும். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நிக்கணுமாம். நின்னாத்தான் எலும்பு கெடாதாம், ஒண்ணுக்கு ரெண்டுக்கு ஒழுங்காப் போகுமாம். இப்படியே நின்னு நின்னு உடம்பு பழகிருச்சுன்னா, அப்புறம் காலுக்கு இரும்பு மாட்டிக் கட்டையைப் பிடிச்சு நாலு எட்டு வைக்கலாம்னு சொன்னாக. என் தம்பி அதைக் கேட்டதுல இருந்து வேற பேச்சே இல்லை. நான் நிக்கணும்க்கா, நான் நிக்கணும்க்கான்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தான்.

அளவு வைக்க ஒரு பிசியோ பொண்ணு வந்துச்சு. பேரு இலக்கியாவாம். இத்துனூண்டு இருக்கா, காத்தடிச்சா விழுந்துருவா, இவ என் தம்பியை நிப்பாட்டப் போறாளாம். கையில ஒரு டேப்பு, ஒரு திருப்புளி. அந்தச் சட்டத்துல வரிசையா ஓட்டை இருக்கு, ஒரு ஓட்டையில இருந்து ஆணியைப் பிடுங்கி இன்னொரு ஓட்டையில மாட்டுறா. ஏத்துறா, இறக்குறா, குனிஞ்சு பாக்குறா, மறுபடியும் பிடுங்குறா. முட்டிச் சில்லுக்குக் கீழதான் மெத்தை பிடிக்கணும், சில்லு மேல பட்டுறக் கூடாது, அவருக்கு வலி தெரியாது, புண்ணானாலும் சொல்லத் தெரியாதுன்னு பாடம் எடுக்குறா எனக்கு. அவனைக் குளிப்பாட்டி விடுறவ நான், எனக்கு.

அதுவரைக்கும் பொறுத்துக்கிட்டுத்தான் இருந்தேன் தாயி. அதுக்கப்புறம் பையில இருந்து எடுத்தா பாரு, ஒரு சோடி ஷூவு. கணுக்கால் வரைக்கும் மூடுறது, அடி தடிமனா, பெரிசா. இதைப் போட்டுத்தான் நிக்கணும், இதைப் போட்டுத்தான் அளவு வைக்கிறேன், இது இல்லாம ஒரு நாளும் நிக்க வைக்காதீங்கன்னா.

"வீட்டுக்குள்ளயா?"ன்னேன்.

"வீட்டுக்குள்ளதாம்மா. வெறுங்காலோட நின்னா அளவு எல்லாம் மாறிப்போயிரும்."

நீயே சொல்லு. எங்க வீடு பத்துக்குப் பத்து. ஸ்டாண்டைப் போட வேற இடமே கிடையாது, சாமி படத்துக்கு நேராதான் போட்டாகணும். முருகன் இருக்காரு, எங்க குலசாமி படம் இருக்கு, எங்காத்தா படத்துக்குப் பொட்டு வச்சு மாலை போட்டிருக்கு. அங்க போய் ஒருத்தன் செருப்புக் காலோட நெட்டுக்குத்தா நிப்பானா? ஷூ என்ன, செருப்பு என்ன. தோலு தோலுதான். வீட்டு வாசப்படியில கழட்டிப் போட்டுட்டுத்தானே மனுசரு உள்ள வருவாக.

இந்த முனீஸ்வரி வாயைத் திறந்தா. "அது புதுசு மதினி, தெருவை மிதிச்சதே இல்லை. அவரு எங்க நடந்தாரு மிதிக்கிறதுக்கு?"ன்னா. பதிலு சொல்றாளாம். நான் அடுப்படிக்குப் போயிட்டேன். அந்தக் கண்றாவியை நான் பாக்கல.

சாயங்காலம் அவ மில்லுல இருந்து வந்து நிக்க வைப்பா, ஷூவை மாட்டி. அந்நேரம் நான் கொல்லைப்பக்கம் போய்ப் பாத்திரத்தைத் தேய்ப்பேன். காலையில அவ இருக்க மாட்டா, காலையில என் பொறுப்பு. அவ தலை அந்தப் பக்கம் மறைஞ்சதும் அந்த ஷூவைத் தூக்கி வாசல்ல செருப்போட செருப்பா வச்சிருவேன். காலைக் கழுவித் தொடைச்சு, நெத்தியில திருநீறு பூசி, சுத்தமா வெறுங்காலோட நிக்க வைப்பேன். என்னக்கா ஷூ போடலயான்னான் மொத நாளு. சாமிக்கு முன்னாலடா, கழட்டிட்டு நில்லுன்னேன். சரிக்கான்னான். அம்புட்டுத்தான். என் பேச்சை அவன் தட்ட மாட்டான். கொஞ்சம் கீழ இறங்கினாப்புலதான் இருந்துச்சு, பலகையில கையை ஊனிக்கிட்டு முன்னால கூனி நிப்பான். இரும்புல நிக்கிறவன் கொஞ்சம் முன்னபின்னதான் நிப்பான், அதுக்கு என்ன பண்றது.

பாத்தா, முட்டி சிவந்துபோச்சு. முனீஸ்வரிதான் ராத்திரி கைலி மாத்துறப்பப் பாத்திருக்கா. உடனே அந்த இலக்கியாவுக்குப் போனு. அவ ஓடிவந்தா. சாயங்கால நேரம், நான் அடுப்படியில இருந்துதான் கேக்குறேன், ஷூவெல்லாம் மாட்டி நிக்க வச்சுப் பாக்குறா, எல்லாம் சரியாத்தான் இருக்கு, சில்லு மேல படவே இல்லையேங்கிறா. அவனை இறக்கிவிட்டுட்டுப் பேந்தப் பேந்த முழிக்கிறா. மெத்தைக்கு மேல இன்னொரு மெத்தையை வச்சுக் கட்டிட்டுப் போனா. ஒரு வாரம் கழிச்சு மறுபடியும் சிவப்பு. மறுபடியும் வந்தா, மறுபடியும் டேப்பு, திருப்புளி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. படிச்ச படிப்புக்கு ஒரு மெத்தையைச் சரியா மாட்டத் தெரியலயே தாயின்னு அவ காதுபடவே சொன்னேன்.

அப்பத்தான் கேட்டா, காலையிலயும் ஷூ போட்டுத்தானே நிக்க வைக்கிறீங்கன்னு. போட்டுத்தான்னேன். இவளுக்கு எதுக்கு நம்ம வீட்டு விசயம்? ஆனா அவ என்னை நம்பல போல. அவன் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க சொல்லுங்க"ன்னா. என் தம்பி என்னைப் பாத்தான். "ஆமா மேடம், போட்டுத்தான்"னான். பாத்தியா, விட்டுக்குடுக்கல. ஆயிரம் பேரு வந்து ஆயிரம் சொன்னாலும் அக்காவை விட்டுக்குடுக்கல அவன். எனக்கு நெஞ்சு நெறைஞ்சுபோச்சு.

இந்தா, போனு அடிக்குது பாரு. அவதான், முனீஸ்வரி. சாயங்காலத்துல இருந்து விடாம அடிக்கிறா. நல்லாப் போய்ச் சேந்தீங்களான்னு கேப்பா, சேந்தாத் திரும்பி வர மாட்டேன்ல, அதுக்கு. அடிக்கட்டும், நான் எடுக்க மாட்டேன்.

எங்க விட்டேன்? ஆங், சிவப்பு. அந்த இலக்கியாவை நம்பிப் புண்ணியமில்லைன்னு, தெருமுக்குல சைக்கிள் கடை வச்சிருக்கிற இருளாண்டியைக் கூப்பிட்டேன். ஸ்பேனரோட வந்தான். வெறுங்காலோட தம்பியை நிப்பாட்டி, மெத்தை சில்லு மேல ஏறுதுல்லடா, கீழ இறக்குன்னேன். ரெண்டு ஓட்டை இறக்கினான். பலகையையும் இறக்கினான். முட்டிக்குக் கீழ கச்சிதமாப் பிடிச்சுச்சு. இதுக்குப் போயி இம்புட்டு நாளு டேப்பைப் பிடிச்சு அளந்தாளே அந்த மகராசி. இருளாண்டிக்கு டீ போட்டுக் குடுத்தேன். தம்பி மட்டும், முனீஸ்வரிகிட்டச் சொல்லணும்லக்கான்னான். சொல்லலாம் சொல்லலாம்னேன். எதுக்குச் சொல்லணும்?

அன்னிக்குச் சாயங்காலம் அவ மில்லுல இருந்து வந்தா. வழக்கம்போல ஷூவை மாட்டி, பட்டையை மாட்டி, கைப்பிடியை அடிச்சிருக்கா. நான் கொல்லையில இருக்கேன். மதினீன்னு ஒரு சத்தம். ஓடிவந்து பாத்தா, முட்டி ரெண்டும் மெத்தைக்கு மேல வழுக்கி முன்னால மடங்கி, பட்டையில தொங்குறான். அவ அவனைக் கட்டிப் பிடிச்சுத் தாங்கிக்கிட்டு நிக்கிறா. ரெண்டு பேருமா இறக்கினோம். வலது முட்டியில தோலு உரிஞ்சு சதை தெரியுது. அவனுக்கு வலியே இல்லை, என்னக்கா ஆச்சு, என்னக்கா ஆச்சுன்னு எங்க மூஞ்சியைப் பாத்துக் கேக்குறான். எனக்கு உசிரே போயிருச்சு தாயி. ஏண்டி, மாட்டுறதுக்கு முன்ன கண்ணைத் தொறந்து பாக்க மாட்டியாடின்னு கத்தினேன் அவளை. இறக்கியிருக்கிறது தெரியாம அடிச்சா விழாம என்ன பண்ணுவான்? கூறு வேண்டாம்?

ஆஸ்பத்திரியில டாக்டரு பயங்காட்டினாரு. இன்னும் கொஞ்சம் உள்ள போனா எலும்பு, எலும்புல சீழ் வச்சுட்டாக் காலையே எடுக்கணும், நிக்கிறதை மறந்துற வேண்டியதுதான்னுட்டாரு. மறுபடியும் கட்டிலு. ஆறுற வரைக்கும் ஸ்டாண்டுப் பக்கமே போகக் கூடாதாம்.

அந்த இலக்கியா வந்து ஸ்டாண்டைப் பாத்தா. ஆணி மாறியிருக்கே, யாரு இறக்கினதுன்னா. எனக்கு என்ன பயம்? நான்தான் இறக்கச் சொன்னேன், நீ வைக்கத் தெரியாம வச்சதை நான் சரி பண்ணினேன்னு சொன்னேன். அவ கொஞ்ச நேரம் அந்த ஓட்டையையே பாத்தா. அப்புறம் மெதுவா, "வெறுங்காலோட நிக்க வச்சு இறக்கினீங்களாம்மா?"ன்னா. "சாமி இருக்கிற வீடு, வேற எப்படி நிக்க வைப்பாக?"ன்னேன். அவ்வளவுதான், தலையில கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டா. நடிப்பு. இந்த முனீஸ்வரி கத்துவா, ஆடுவான்னு பாத்தேன். கத்தியிருந்தா நானும் நாலு கேட்டிருப்பேன். அவ உள்ள போயி அவனுக்குப் பக்கத்துல உக்காந்து முட்டியில கட்டியிருந்த துணியையே பாத்துக்கிட்டு இருந்தா. அதான் சொன்னேன்ல, பேசாம காரியத்தை முடிக்கிறவ.

அதுக்கப்புறம் அவனும் மாறிட்டான். சோத்தைப் பிசைஞ்சு கொண்டுபோனா, தட்டைக் குடுக்கா, நான் சாப்பிட்டுக்கிறேன்கிறான். என் கையால வாங்கித் திங்கல. நான் என்ன விசமா வச்சேன்?

புண்ணு ஆறுறதுக்குள்ள மழைக்காலமே முடிஞ்சுபோச்சு. இலக்கியா வந்து மறுபடியும் ஷூவை மாட்டி அளவு வச்சா, நான் அடுப்படியை விட்டு வரல. இனிமே காலையில நீங்க நிக்க வைக்க வேண்டாம் மதினி, சாயங்காலம் நான் வந்து பாத்துக்கிறேன்னா முனீஸ்வரி. எனக்கு அது எப்படி இருந்துச்சு தெரியுமா? நான் தூக்கி வளத்த பிள்ளையை நான் தொடக் கூடாதாம்.

சரி, இன்னிக்கு வெள்ளிக்கிழமை. அவ மில்லுக்குப் போயிட்டா. வீட்டைக் கழுவிவிட்டு, விளக்கேத்தி, சாம்பிராணி போட்டுட்டு, வாடா, அக்கா நிக்க வைக்கிறேன்னு கூப்பிட்டேன். இத்தனை நாளா நிக்காமக் கிடந்த காலு, காலையிலயும் நின்னா நல்லதுதானேன்னுதான் கூப்பிட்டேன். வேற என்ன நெனப்பு எனக்கு?

"ஷூவை எடுத்துட்டு வாக்கா"ன்னான்.

"வெள்ளிக்கிழமைடா. விளக்கு எரியுது. நான் தொட மாட்டேன்."

அவன் நாற்காலிச் சக்கரத்தைத் தள்ளிக்கிட்டு வாசலுக்குப் போனான். நான் அங்கதானே வச்சிருந்தேன், மத்தச் செருப்போட. அவனுக்குக் குனிஞ்சு எட்டல. கதவுக்குப் பின்னால இருந்த ஒட்டடைக் கம்பை எடுத்து, ஒவ்வொண்ணா இழுத்து, வாரைக் கம்பு நுனியில மாட்டித் தூக்கினான். தூசியைத் தட்டினான். காலை ரெண்டு கையாலயும் தூக்கி மடியில போட்டு மாட்டுறான், நழுவிருது, மறுபடியும் மாட்டுறான். வேர்த்து ஊத்துது அவனுக்கு. நான் பாத்துக்கிட்டேதான் நின்னேன். எப்படியும் கூப்பிடுவான், அக்கா முடியலம்பான்னு நின்னேன். கூப்பிடல தாயி. ஸ்டாண்டுகிட்ட வந்தான், காலைத் தட்டுல எடுத்து வச்சான், பட்டையை அவனே பின்னால சுத்தி மாட்டினான், முட்டிகிட்டக் கையை விட்டுத் தடவிப் பாத்துக்கிட்டான், அந்தக் கைப்பிடியையும் அவனே அடிச்சான். ஏறிட்டான்.

என்கிட்டப் பேசணும்னான். "கீழ இறங்குடா, உக்காந்து பேசுவோம்"னேன்.

"இல்லக்கா. நின்னாத்தான் எனக்கு இது வாயில வரும்"னான். "புண்ணு உன்னாலன்னு நான் சொல்லல. நான் உண்மையைச் சொல்லியிருந்தா வந்திருக்காது. நீ கழட்டுடான்னா நான் கழட்டிருவேன்க்கா. உன்கிட்ட மாட்டேன்னு சொல்ல எனக்குச் சின்னதுல இருந்தே வரல. இன்னொரு தடவை புண்ணு வந்துச்சுன்னா நான் எந்திரிக்கவே முடியாது. நீ சின்னக்கா வீட்ல போய் இரு."

"அவ சொல்லிக் குடுத்தாளாடா?"ன்னேன்.

"அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா உன்னை விட மாட்டா. அவ வர்றதுக்குள்ள கிளம்பிருக்கா"ன்னான்.

நான் அதை நம்பல. அவ சொல்லாம அவனுக்கு எங்கயிருந்து வரும் அந்தப் பேச்சு? ராத்திரியெல்லாம் ஓதியிருப்பா. மத்தியானமே மதுரை வந்துட்டேன். போடி பஸ்ஸு எத்தனையோ போச்சு, நான் ஏறல, பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்திருந்தேன். பின்னாலயே ஆளு அனுப்புவான்னு நெனச்சேன்.

ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. அந்த ஸ்டாண்டுல அவன் நேரா நின்னு நான் பாத்ததே இல்லை. நான் நிக்க வச்சப்ப எல்லாம் பலகையில கவுந்து கூனிக்கிட்டுத்தான் நின்னான், மத்த நேரம் நான்தான் பாக்கவே மாட்டேனே. இன்னிக்கு முதுகு நேரா நிக்குது, கழுத்து நேரா நிக்குது, கண்ணு என் தலைக்கு மேல இருக்கு. ரெண்டு வருசமா அவன்கிட்டக் குனிஞ்சே பேசிட்டேன் தாயி. அண்ணாந்து பாக்குறேன். என் தம்பி என்னைவிட இம்புட்டு உசரம்ங்கிறதே எனக்கு மறந்துபோயிருந்துச்சு. திட்டணும்னுதான் வாயைத் திறந்தேன். சரிடான்னு மட்டும்தான் வந்துச்சு.